நிறையும் திறனும்: தேயிலைக் கொழுந்தின் நிறுவை பற்றிய ஓர் ஆராய்ச்சி

அளவைகள் நான்கு என்பர் தமிழிலக்கணகாரர். எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்னும் அந்நான்கனுள் தராசில் இட்டு நிறுத்தறிவது எடுத்தலளவை எனப்படும். அளவையின் பெயர் அளக்கப்பட்ட பொருளுக்கு ஆகி வருதலையும் அவர்கள் கண்டு, அளவையாகுபெயர் என வகுத்துவைத்தனர். 'இரண்டு கிலோ வாங்கி வா' என்று ஒருவர் கூறுமிடத்துக் கிலோ என்பது எடையைக் குறியாது, நிறுத்துத் தரப்படும் அரிசியையோ சீனியையோ குறித்து நிற்கும். கேட்போர் இதில் மயங்குவதில்லை. சொல்லும் பொருளும் வேறு வேறென்பதை அவர் அறிவர். ஆனால் ஆகுபெயர் இலக்கண நூலை விட்டுச் சம்பளப் புத்தகத்துட் புகும்பொழுது அத்தெளிவு நிலைப்பதில்லை. இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்தின் எடையைக் குறிக்கும் எண்ணே, அதனைப் பறித்தவருடைய திறனுக்கும் உழைப்புக்கும் பெயராகி வழங்குகின்றது. அவ்வாறு வழங்குதல் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை, மஸ்கெலியா முதலிய பகுதிகளிலுள்ள தோட்டங்களில் வேலைநாள் பிரட்டுக்களத்தில் தொடங்குகின்றது. அன்றைக்கு எவர் எந்த மலையிற் கொழுந்தெடுப்பது என்பது அங்கேயே முடிவாகும். மலை என்பது இலக்கமிடப்பட்ட ஒவ்வொரு தேயிலை நிலப்பகுதிக்கும் வழங்கும் தோட்ட வழக்கு. பெண்கள் ஆளுக்கொரு நிரை பிடித்து அம்மலையில் ஏறுவர். பறித்த கொழுந்து நாளில் இரண்டு அல்லது மூன்று தடவை நிறுக்கப்பட்டு, அதன் தொகை அவரவர் பெயரின் எதிரே எழுதப்படும். அத்தொகை தோட்டம் வகுத்த இலக்கை எட்டினால் அன்றைக்கு ஒரு 'பேர்'. எட்டாவிடின் பல தோட்டங்களில் 'அரைப்பேர்'. இலக்குக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் கொடுப்பனவு உண்டு. இலக்கு எங்கும் ஒன்றன்று. தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். சில தோட்டங்களிற் பருவத்துக்கேற்பக் குறைக்கப்படுவதும் உண்டு. எனினும் அண்மைக் காலத்தில் மலைநாட்டிற் பரவலாகக் கேட்கப்பட்ட அளவு 18 கிலோவாகும்.

இவ்வெண் கூலியோடு எவ்வளவு நெருங்கிப் பிணைந்தது என்பதற்கு 2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தம் தக்க சான்று. அவ்வொப்பந்தத்தால் நாளொன்றுக்குக் கிடைப்பது 730 ரூபா என்று பேசப்பட்டது. ஆனால் அத்தொகையில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவே. வரவுக்காக 60 ரூபாவும், விலைப் பங்காக 30 ரூபாவும், உற்பத்தித் திறனுக்காக 140 ரூபாவும் கூட்டப்பட்டே அந்த 730 ஆயிற்று. இறுதியிற் கூறிய 140 ரூபா இலக்கை எட்டியவர்க்கு உரியது. ஆகவே நாட்கூலியில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு தராசின் முள்ளிலே தங்கியிருந்தது. 2019இல் அப்பிரிவுகள் மாறி, அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவும் விலைப் பங்கு 50 ரூபாவும் ஆயின. 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் சம்பள நிர்ணய சபையின் வாயிலாக 900 ரூபாவும் அதன்மேற் படியாக 100 ரூபாவும் சேர்ந்து 1,000 ரூபா வரையறுக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் அது 1,350 ரூபாவாயிற்று. ஒவ்வொரு தடவையும் ரூபாவைப் பற்றிய வாதம் நாடெங்கும் நிகழ்ந்தது. கிலோவைப் பற்றிய வாதம் மலையோடு நின்றது. ஆயினும் கூலியை உயர்த்தி இலக்கையும் உடன் உயர்த்தினாற் கொடுத்த கை திரும்ப எடுத்துக்கொள்ளும். முழுப்பேர்கள் அரைப்பேர்களாகக் குறைக்கப்படின் அரசாணை கூறும் தொகை ஏட்டளவிலே நிற்கும். ஆதலின் இலக்கின் நியாயம் கூலியின் நியாயத்துக்குப் புறம்பானதன்று.

எடையை அளவாகக் கொள்வோர் கூறும் காரணங்கள் இலேசாகத் தள்ளத்தக்கன அல்ல. முதலாவது, தராசு முகம் பாராது. கங்காணியின் விருப்புவெறுப்பால் ஒருவர் உழைப்பாளி எனவும் மற்றொருவர் சோம்பேறி எனவும் மதிக்கப்பட்டால் முறையிட இடமில்லை. எண்ணாயின் இருவரும் கண்டு சரிபார்க்கலாம். இரண்டாவது, எடை எளிது. நூற்றுக்கணக்கானோரின் ஒரு நாளுழைப்பை அந்தி சாயுமுன் கணக்கிட்டு முடிக்க வேறு வழி அரிது. மூன்றாவது, தோட்டத்தின் செலவு எடையோடு தொடர்புடையது. ஒரு கிலோ தேயிலை ஆக்குவதற்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அக்கொழுந்தைக் கொணர்வதற்குக் கொடுக்கப்படும் கூலியே உற்பத்திச் செலவிற் பெரும் பங்கு. கென்யாவிலும் அசாமிலும் ஒருவர் நாளொன்றுக்குப் பறிப்பது இலங்கையினும் அதிகம் என நிருவாகத்தினர் அடிக்கடி எடுத்துக்காட்டுவதும் இக்கருத்துப் பற்றியே. இவற்றுள் உண்மை உண்டு. எடை ஒன்றையும் அளக்கவில்லை என்று எவரும் கூறார். அது எதனை அளக்கின்றது என்பதே வினா.

இவ்வினாவுக்கு விடை காணக் கொழுந்தெடுத்தல் எத்தகைய திறன் என்பதை முதலில் அறிதல் வேண்டும். இரண்டு இலையும் ஓர் அரும்பும் என்பது உலகறிந்த வாய்பாடு. அதனைச் சொல்லுதல் எளிது, செய்தல் அரிது. செடியின் மேற்பரப்பில் ஒரே வேளையிற் பல பருவத்துத் தளிர்கள் நிற்கும். பறிக்கத்தக்கது ஒன்று, அடுத்த சுற்றுக்கு விடத்தக்கது ஒன்று, வளர்ச்சி ஓய்ந்து அரும்பு விரியாமல் நிற்பது ஒன்று, முற்றிக் கடினப்பட்டது ஒன்று. இவற்றைக் கண்டு தெரிந்து, ஓய்ந்ததை நீக்கி, இளையதை விடுத்து, தக்கதை நகம் படாமல் ஒடித்து, இரு கையாலும் இடைவிடாது கூடைக்கு எறிதல் வேண்டும். செடியின் மட்டமும் கெடலாகாது. தாழப் பறித்தாற் செடி நலியும், உயர விட்டால் மட்டம் ஏறும். கூடையில் அடர்த்தி அழுத்தினாற் கொழுந்து கசங்கிச் சூடேறி, தொழிற்சாலையை அடையுமுன்னரே சிவக்கத் தொடங்கும். எனவே இத்திறனில் விரைவு, தெரிவு, செடியைப் பேணல், கொழுந்தைப் பேணல் என நான்கு உறுப்புகள் உள்ளன. தராசு இந்நான்கனுள் விரைவை மாத்திரமே அறியும். ஏனைய மூன்றும் அதற்குத் தெரியா என்பது மட்டுமன்று, அவற்றைக் கைவிட்டவர்க்கு அது பரிசும் தரும். முற்றிய இலை இளந்தளிரினும் நிறை மிக்கது. தண்டோடு நீள ஒடித்தது குட்டையாக ஒடித்ததினும் கனமானது. தெரிந்து பறிப்பவரின் கூடை இலேசாகவும், கண்டதைப் பறிப்பவரின் கூடை கனமாகவும் இருத்தல் இயல்பு.

இனி, விரைவையேனும் எடை நேர்மையாக அளக்கின்றதா என நோக்கத்தகும். திருக்குறளின் அரசியலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. ஒருவனுடைய வலிமை மாத்திரம் வினையின் முடிவைத் தீர்மானிப்பதில்லை, காலமும் இடமும் அதனோடு கூடியே தீர்மானிக்கின்றன என்பது அவ்வைப்புமுறையாற் பெறப்படும். போருக்குப் பொருந்துவதாய அவ்வுண்மை கொழுந்து மலைக்கும் முற்றும் பொருந்துகின்றது. கூடையில் ஏறிய எடை பறித்தவரின் வலியும், மலையின் இடனும், நாளின் காலமும் கூடிய ஒரு தொகை. அத்தொகை முழுவதையும் வலியின் கணக்கிலே எழுதுதல் பிழையாகும்.

இடத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். மலைநாட்டுத் தேயிலையிற் பெரும் பிரிவுகள் இரண்டு. ஒன்று, ஆங்கிலேயர் காலத்தில் விதையிட்டு வளர்க்கப்பட்டு, நூறாண்டை நெருங்கியும் கடந்தும் நிற்கும் பழஞ்செடிகள். மற்றொன்று, தெரிந்தெடுத்த தாய்ச்செடியின் தண்டிலிருந்து பதியம் வைத்துப் பெருக்கப்பட்ட செடிகள், தோட்டவழக்கில் வி.பி. தேயிலை என்பது இதுவே. தலவாக்கலை சென். கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இத்தகைய செடியினங்கள் பலவற்றை உருவாக்கிப் பரப்பியது. வி.பி. தேயிலை அடர்ந்து, ஒருசேரத் தளிர்த்து, மிகுந்த விளைவு தரும். பழைய விதைத் தேயிலையிற் செடிக்குச் செடி இயல்பு வேறுபடும். பட்டுப்போன செடிகளின் இடங்கள் வெறுமையாகக் கிடக்கும். பறிப்பவர் ஒரு செடியிலிருந்து மறு செடிக்கு நடக்கும் நேரம் மிகும். சரிவும் வேறுபாடு செய்யும். அசாமின் தேயிலை பெரும்பாலும் சமவெளியில் வளர்வது. ஹற்றன், பொகவந்தலாவைப் பகுதிகளிலோ கால் ஊன்றுவதற்கே ஒரு கை வேண்டப்படும் சரிவுகள் பல. அசாமையும் கென்யாவையும் காட்டி எடையை ஒப்பிடுவோர் நிலத்தையும் செடியையும் ஒப்பிடாது விடுகின்றனர். உயரமும் அவ்வாறே. கடல்மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேற்பட்ட நிலத்தில் விளைவது உயர்நிலத் தேயிலை எனப்படும். நுவரெலியாவோ 6,000 அடிக்கும் மேற்பட்டது. அங்கே குளிரினால் தளிர் மெல்ல வளரும். கவ்வாத்து என்னும் செடிவெட்டும் பெரிய காரணம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டப்படும் செடி சில மாதம் பறிப்புக்கு உதவாது. பின்னர் மட்டம் கட்டி விளைவு ஏறி, அடுத்த கவ்வாத்து நெருங்குங்கால் ஓய்ந்த தளிர்கள் மல்கி மீண்டும் இறங்கும். ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் அடுத்தடுத்த இரு மலைகளிற் பறித்த இருவரின் எடைகளை ஒப்பிடுதல், நன்செயில் அறுத்தவனையும் புன்செயில் அறுத்தவனையும் கதிர்க்கட்டின் எண்ணிக்கையால் ஒப்பிடுதல் போல்வதாகும்.

காலத்தின் செயல் இதனினும் வலிது. ஏப்பிரல், மே மாதங்களில் மழையும் வெயிலும் மாறி மாறி வரக் கொழுந்து பெருகும்; பறித்து முடியாத அளவுக்கு மலைகள் தளிர்த்து நிற்கும். வறட்சிக் காலத்தில் அதே மலையிற் கூடையின் அடி நிறைவதற்கே முற்பகல் கழியும். ஒரு மலையைப் பறித்துச் சென்று மீண்டும் அதற்கு வரும் இடைவெளி சுற்று எனப்படும். அது நெருங்கியிருந்தால் தளிர் சிறுத்து எடை குறையும். நீண்டுவிட்டால் இலை முற்றி எடை மிகும், தரம் கெடும். சுற்றின் கால அளவை முடிவுசெய்வோர் நிருவாகத்தினரே. கொழுந்தெடுப்போர்க்கு அதிற் பங்கில்லை. உரமிடல், களை நீக்கல், வெற்றிடங்களில் நாற்று நடல் ஆகியனவும் அவ்வாறே பிறர் கையில் உள்ளன. இவற்றால் வரும் குறைவோ கொழுந்தெடுப்பவரின் பெயருக்கு எதிரே எழுதப்படுகின்றது.

இதனை நாடளாவ மெய்ப்பித்துக் காட்டிய நிகழ்ச்சி ஒன்று அண்மையில் உண்டாயிற்று. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உரங்களின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு முடியுமுன்னரே தடை தளர்த்தப்பட்டதாயினும் செடிகள் பசித்துவிட்டன. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த இலங்கையின் தேயிலை உற்பத்தி 2022இல் 251 மில்லியன் கிலோவளவுக்கு இறங்கியது. இது தாழ்நிலத்துச் சிறு தோட்டங்களையும் உட்படுத்திய முழு நாட்டுக் கணக்கு. வீழ்ச்சி ஏறக்குறைய நூற்றுக்கு 16 வீதம். பொருளாதார நெருக்கடியும் பிற இடர்களும் இவ்வீழ்ச்சியிற் பங்குகொண்டிருக்கலாம். ஆயினும் நாட்டிலுள்ள கொழுந்தெடுக்கும் விரல்கள் அனைத்தும் ஒரே ஆண்டில் ஆறிலொரு பங்கு திறனை இழந்துவிட்டன என்று எவரும் கூறத் துணியார். நாட்டின் கணக்கிற் காரணத்தை உரத்தில் தேடுபவர், தனியொருத்தியின் கணக்கில் அதே குறைவைக் கண்டால் அவள் கையிலே காரணத்தைத் தேடுவது எவ்வாற்றானும் பொருந்தாது.

எடைக்கும் மதிப்புக்குமுள்ள முரண்பாடு எல்லாவற்றினும் தெளிவாக வெளிப்படுவது திம்புள்ளப் பகுதியிலாகும். ஹற்றன், தலவாக்கலை, லிந்துலை முதலிய ஊர்களை உள்ளடக்கிய அப்பகுதியில் சனவரி முதல் மார்ச்சு வரை குளிர்ந்த இரவும், வறண்ட காற்றும், தெளிந்த வெயிலும் நிலவும். அக்காலத்தில் தளிர் மெல்ல வளர்ந்து, அளவிற் குறைந்து, மணத்தில் உயர்கின்றது. திம்புள்ளத் தேயிலைக்கு உலகிற் பெயரீட்டித் தந்ததும் ஏலத்தில் உயர்ந்த விலை பெறுவதும் அப்பருவத்துக் கொழுந்தே. ஊவாப் பகுதிக்கு அத்தகைய பருவம் சூலை முதல் செப்டெம்பர் வரையாகும். இவ்வாறு கொழுந்தின் விலை உயரும் மாதங்களிலே பறிப்பவரின் எடை தாழ்கின்றது. விலை தாழும் மாதங்களில் எடை உயர்கின்றது. எடை ஒன்றையே திறனாகக் கொள்ளும் கணக்குப்படி, தோட்டத்துக்கு மிகச் சிறந்த தேயிலையை ஈந்த நாட்களே தொழிலாளியின் மிக மோசமான நாட்களாகின்றன. தன் முடிவு இத்துணைத் தலைகீழாக அமையும் ஓர் அளவையைத் திறனளவை என்றல் எங்ஙனம்?

எடை போதாதெனின் தரத்தை எண்ணி அளக்கலாமே என்பது இயல்பாக எழும் கருத்து. தொழிற்சாலைகளில் அத்தகைய முறை ஒன்று உண்டு. வந்த கொழுந்தில் ஒரு பிடி எடுத்து, நல்லது, இடைத்தரமானது, தள்ளத்தக்கது எனப் பிரித்து, நூற்றுக்கு எத்தனை வீதம் நல்லது என்று கணிப்பர். எடுத்தலளவையின் குறையை எண்ணலளவை நிரப்புகின்றது. தண்டும் முற்றிலையும் சேர்த்து நிறை கூட்டும் வழி இதனால் அடைபடும். ஆனால் நூற்றுவீதத்தையும் தனியே நம்புதற்கில்லை. எளிதிற் கைக்கெட்டும் தளிர்களை மாத்திரம் பறித்து, செடியின் நடுவிலும் சரிவின் ஓரத்திலும் நிற்பனவற்றை விட்டு நகர்பவர்க்கு வீதம் மிக உயர்வாக வரும். அரியதை முயன்று ஒன்றிரண்டு பிழைபட்டவருக்கோ வீதம் தாழும். எளியதைத் தெரிந்துகொண்டவரையும் அரியதில் வல்லவரையும் நூற்றுவீதம் வேறுபடுத்தி அறியாது.

இம்மயக்கம் தேயிலைக்கு மாத்திரம் உரியதன்று. விளையாட்டுக் கணக்குகளில் இது நெடுங்காலம் வாதிக்கப்பட்டு வந்துள்ளது. அவ்வாதம் கண்ட வழி மலைக்கும் பயன்படுவதாகலின் அதனைச் சிறிது நோக்குதல் தகும். அமெரிக்கர் ஆடும் உதைபந்தாட்டத்திற் குவாட்டர்பேக் என்னும் ஆட்டக்காரர் பந்தைத் தம் அணியினர்க்குக் கையால் எறிவார். எறிந்தவற்றுள் நூற்றுக்கு எத்தனை தம்மவர் கையிற் சேர்ந்தன என்பது அவருடைய குறிதவறாமைக்கு அளவாகக் கொள்ளப்பட்டது. 2016ஆம் ஆண்டுப் பருவத்திற் சாம் பிராட்போர்ட் என்பவர் 71.6 வீதம் பெற்றார். அதுவரை எவரும் ஒரு பருவத்தில் எட்டாத அளவு அது. ஆனால் அவர் எறிந்தவை பெரும்பாலும் அண்மையில் நின்றோர்க்கு எறிந்த குறு எறிகள். அவரது அணி அப்பருவத்தில் எட்டு ஆட்டங்களில் வென்று எட்டிலே தோற்று, மேற்சுற்றுக்குச் செல்லாது நின்றது. மறுபுறம், 1967இல் ஒரு பருவத்தில் 4,000 கெசத்துக்கு மேல் முதன்முதலாக எறிந்து முடித்த ஜோ நமாத் என்பவரின் அவ்வாண்டு வீதம் 52.5 மாத்திரமே. அவர் தொலைவிலுள்ளோரை நோக்கி எறிந்தவர். 1985இல் அவ்வாட்டத்தின் பெருமக்கள் மன்றத்திற் சேர்க்கப்பட்டவரும் அவரே. வீதத்தை மாத்திரம் கொண்டு பார்ப்பின் முன்னவர் பின்னவரினும் மிகவும் குறிதவறாதவர் ஆவர். எறியின் அருமையைக் கணக்கிற் கொண்டால் அம்முடிவு நில்லாது.

இக்குறையை உணர்ந்த கணக்காளர் வீதத்தைக் கைவிடவில்லை. அதனை வேறொன்றோடு ஒப்பிடக் கற்றனர். எறியின் தொலைவு, பந்தைப் பெறுபவருக்கும் எதிரிக்குமுள்ள இடைவெளி, எறிபவரை நெருக்கும் எதிரியின் அண்மை ஆகியவற்றைக் கொண்டு, அத்தகைய எறி சாதாரணமாக நூற்றுக்கு எத்தனை சேரும் என்று முதலிற் கணிக்கின்றனர். பின்னர், ஓர் ஆட்டக்காரர் அவ்வெதிர்பார்ப்புக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கின்றார் என்று நோக்குகின்றனர். கிரிக்கெட்டிலும் இது புதிதன்று. கண்டியிற் பிறந்த முத்தையா முரளிதரன் 133 டெஸ்டுப் போட்டிகளில் 800 விக்கெட்டுகளை 22.72 என்னும் சராசரியில் வீழ்த்தினார் என்று கூறுவோர், எந்த ஆடுகளத்தில், எந்த அணிக்கு எதிராக என்ற வினாக்களையும் உடன் எழுப்பியே அவர் பெருமையை நிறுவுகின்றனர். பந்து வீசுவோர்க்கு வழங்கும் அந்நீதி கொழுந்தெடுப்போர்க்கு மறுக்கப்படுவதற்குக் காரணம் எதுவுமில்லை.

ஓர் உதாரணத்தாற் பொருளை விளக்கலாம். பெப்ரவரி மாதத்துக் குளிரில் ஒரு பழைய விதைத்தேயிலை மலையிற் பறித்தோரின் சராசரி 12 கிலோ என்றும், அவருள் ஒருத்தி 15 கிலோ பறித்தாள் என்றும் கொள்க. ஏப்பிரலில் ஒரு வி.பி. மலையிற் பறித்தோரின் சராசரி 26 கிலோ என்றும், அவருள் மற்றொருத்தி 22 கிலோ பறித்தாள் என்றும் கொள்க. இலக்கு 18 கிலோ. இலக்கின் கணக்குப்படி முன்னவளுக்கு அரைப்பேர். பின்னவளுக்கு முழுப்பேரும் நான்கு கிலோவுக்கு மேலதிகக் காசும். ஆனால் முன்னவள் தன் மலையின் சராசரிக்கு நாலிலொரு பங்கு மேலே நின்றாள். பின்னவள் தன் மலையின் சராசரிக்கு நூற்றுக்கு 15 வீதம் கீழே நின்றாள். திறமிக்கவளின் கூலி பாதியாகின்றது. குறைந்தவளின் கூலி கூடுகின்றது. தராசு பொய் கூறவில்லை. அதனிடம் கேட்கப்பட்ட கேள்வியே பிழையானது.

இதிலிருந்து பெறப்படும் முறை அரியதன்று. எந்த மலை, எந்த நாள், எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு கொழுந்து என்பன யாவும் தோட்டத்தின் புத்தகங்களில் நாள்தோறும் எழுதப்படுவன. அவற்றைக் கொண்டு ஒவ்வொரு மலையும் அந்நாளில் தரக்கூடிய அளவைக் கணித்து, தனியொருவரின் எடையை அதனோடு ஒப்பிடல் கூடும். அதன் பக்கத்திற் கொழுந்தின் தரவீதத்தையும் வைத்துப் பார்த்தால் விரைவும் தெரிவும் ஒருங்கே விளங்கும். ஒரு மலையிற் பறித்தோர் எல்லாரும் ஒருசேரக் கைதளர்ந்தால் இம்முறை அதனை மறைத்துவிடுமே என்று கேட்கப்படலாம். அம்மலையின் முன்னாண்டுகளின் அதே மாதத்துக் கணக்கு அதற்கு விடை தரும். சராசரிக்குக் கீழே எப்பொழுதும் சிலர் இருந்தே தீர்வராதலின் அவர்க்கு அரைப்பேரே கதியாகுமே என்று மறுதலையாகவும் கேட்கப்படலாம். ஒப்பீடு மேலதிகப் பரிசுக்கு உரியதே அன்றி அடிப்படைக் கூலியைப் பாதியாக்குவதற்கு உரியதன்று என்பதே அதற்கு விடை. காலையிற் பிரட்டுக்கு வந்து, கொடுத்த மலையில் ஏறி, மாலை வரை பறித்தவர் தம் நாளைக் கொடுத்துவிட்டார். அம்மலை எவ்வளவு தரும் என்பதற்கு அவர் பிணையாகார்.

தராசைப் பற்றியும் ஒரு சொல் வேண்டும். நிறுத்த எடை அப்படியே எழுதப்படுவதில்லை. சாக்கின் எடைக்கெனவும், மழைநாளிற் கொழுந்தில் ஒட்டிய நீருக்கெனவும் ஒரு பகுதி கழிக்கப்படுகின்றது. ஈரக்கொழுந்துக்குக் கழிவு வேண்டும் என்பது நியாயமே. ஆயினும் அக்கழிவு பெரும்பாலும் கண்மதிப்பால் இடப்படுவது. முகம் பாராமையே தராசின் சிறப்பு என முன்னர்க் கூறப்பட்டது. கழிவு புகுமிடத்தில் அச்சிறப்பு நீங்கி, மனிதருடைய மதிப்பே மீண்டும் எண்ணின் உடையணிந்து வந்து நிற்கின்றது. 18 கிலோவை எல்லையாக வைத்து, அதற்கு இப்புறம் முழுப்பேரும் அப்புறம் அரைப்பேரும் எனப் பிளக்கும் முறையில், இரண்டு கிலோக் கழிவு அரைநாட் கூலியாக மாறுதல் கூடும். நடுவுநிலைமைக்கு வள்ளுவர் காட்டிய உவமை துலாக்கோல். அக்கோல் பிறவற்றை நிறுக்குமுன் தான் சமனாக நிற்பது. அதுபற்றியே சான்றோர்க்கு அணியாகவும் உவமிக்கப்பட்டது. கொழுந்து மடுவத்துத் தராசுக்கும் அச்சமன்நிலை முதலில் வேண்டப்படும்.

எல்லா அளவைகளும் ஒரு பகுதியையே காட்டுவன. ஆதலின் அளவையே வேண்டாம் என்பது ஆராய்ந்தோர் கொள்ளும் முடிவன்று. எடை வேண்டும், அது தோட்டத்துக்கு வந்த கொழுந்தின் அளவைச் சரியாகக் கூறும். அதனைத் தோட்டத்தின் கணக்காகவும் மலையின் கணக்காகவும் கொள்வதில் தடையில்லை. பறித்தவரின் திறனாக அதனைக் கொள்வதாயின் இடத்தையும் காலத்தையும் முதலிற் கழித்துவிடல் வேண்டும். தெரிவையும் பேணலையும் பின்னர்க் கூட்டல் வேண்டும். அவ்வாறு செய்யாத இடத்து, உரமிடாத நிலத்தின் வறுமையும், நடப்படாத வெற்றிடமும், நீண்டுவிட்ட சுற்றும், சனவரிக் குளிரும் ஆகிய அனைத்தும் ஒரு பெண்ணின் கைக்குற்றமாக எழுதப்படும்.

தோட்டவழக்கு நாட்கூலிக்குப் 'பேர்' என்ற சொல்லை வழங்குவது நினைக்கத்தக்கது. வேலைக்கு வந்தவரின் பெயர் ஏட்டிற் பதியப்படுதலால் அப்பெயர் அன்றைய கூலிக்கே ஆகி வந்தது. அதுவும் ஓர் ஆகுபெயரே. அச்சொல் வழியே நோக்கின் அரைப்பேர் என்பது கூலியைப் பாதியாக்குவதோடு நில்லாது, வந்தவரையும் பாதியாக எண்ணுவதாகும். மலை குறைவாகத் தந்த நாளில் மனிதரின் பெயரைக் குறைத்தல் நீதியன்று. கிலோ கொழுந்துக்கு ஆகட்டும். பேர் முழுதும் பேருக்கு உரியவர்க்கே ஆகுக.